இசைத்தட்டின் பின்புறம்: அமர்வுக் கலைஞரும் கல்முனைக் கரையின் கவியும்

1

இசைத்தட்டு ஒன்றின் முன்புற அட்டையில் பாடகரின் படம் அமைந்திருக்கும். பின்புறத்திலே, இடம் எஞ்சுமாயின், வாத்தியம் வாசித்தோரின் பெயர்கள் சிறிய எழுத்திற் காணப்படும். இசையை நுகர்வோர் பெரும்பாலும் முன்புறத்தையே நோக்குவர். இசையின் சமூக வரலாற்றை எழுத முற்படுவோரோ பின்புறத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். ஓர் இசை எவருடைய உழைப்பினால், எத்தகைய ஏற்பாட்டின் கீழ் உருவாயிற்று என்னும் வினாக்களுக்கான விடை அங்கேயே கிடைக்கின்றது. விடை கிடையாதவிடத்து அவ்வின்மையும் ஒரு சான்றாகவே கொள்ளப்படல் வேண்டும்.

நகரத்துப் புகழ்பெற்ற இசைஞர் ஒருவர் தமக்குரியதல்லாத ஓர் இசைமரபை நாடிச் சென்று, அம்மரபிலே தேர்ந்த வாத்தியக்காரரைக் கூலிக்கு அமர்த்தி இசைத்தட்டு வெளியிடுவது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெருவழக்காயிற்று. இவ்வழக்கின் இயல்பை விளக்குவதற்கு 'பீற்றில்ஸ்' எனும் ஆங்கிலேய றொக் இசைக்குழுவைச் சார்ந்த இருவரின் முயற்சிகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. ஒன்று, 1968இல் ஜோர்ஜ் ஹரிசன் பம்பாயில் மேற்கொண்ட ஒலிப்பதிவு. மற்றையது, 1970இல் றிங்கோ ஸ்டார் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மேற்கொண்ட ஒலிப்பதிவு.

கல்முனைக் கரையில் வாழும் எமக்கு இவற்றால் ஆவதென்ன என்ற வினா எழுதல் இயல்பே. மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள முஸ்லிம் ஊர்களில் வழங்கும் கவியும் பொல்லடிப் பாடலும் பக்கீர்பாவாமாரின் பாடலும் இன்று கைப்பேசியிலும் கணினியிலும் பதிவாகி, எங்கோ உருவாகும் இசையின் பின்னணியிற் சேரத்தக்க நிலையை அடைந்துள்ளன. இத்தகைய நிலை தொலைவிலுள்ள நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. ஈழத்து வழிவந்த மாயா அருள்பிரகாசம் என்னும் இசைஞர் 2007இல் வெளியிட்ட 'கலா' என்ற இசைத்தொகுப்புக்காகத் தமிழ்நாட்டின் உறுமிமேள ஒலி சென்னையிற் பதிவு செய்யப்பட்டமை பலரும் அறிந்ததே. ஆகவே, பிறர் இசையை அமர்த்திக்கொள்ளும் முறை பிற நாடுகளில் எவ்வாறு இயங்கியது, அங்கு எவருக்கு எது கிடைத்தது, எவருக்குக் கிடையாது போயிற்று என்பனவற்றை அறிந்துகொள்ளுதல் எமது நாட்டார் இசையைப் பேணும் பணிக்கு இன்றியமையாத முன்தேவையாகும்.

2

விளக்கத்தின் பொருட்டுச் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'கன்ட்றி' என்பதை நாட்டார் இசை என்று நேராகப் பெயர்த்துவிடுதல் பொருந்தாது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வாழ்ந்த உழவரும் சுரங்க, ஆலைத் தொழிலாளரும் பாடிய பாடல்களே அதன் வேர் என்பது உண்மை. எனினும், 1920களில் இசைத்தட்டு நிறுவனங்களும் வானொலியும் அவற்றைச் சந்தைப் பொருளாக்கிய போதே அது தனியொரு வகையாகப் பெயர் பெற்றது. நாட்டார் இசை வணிக இசையாக உருமாறியதன் விளைவே 'கன்ட்றி' எனலாம். அவ்வணிகத்தின் தலைநகராக அமைந்தது டெனெசி மாநிலத்து நாஷ்வில்.

அமர்வுக் கலைஞர் எனப்படுவோர் எந்தவொரு பாடகருடைய குழுவிலும் நிலையாக இல்லாது, ஒலிப்பதிவு நிகழும் வேளைக்கு மட்டும் கூலி பெற்று வாசிப்போர். நாஷ்வில்லில் ஓர் அமர்வு என்பது மூன்று மணி நேரம். முற்பகல் பத்து மணி, பிற்பகல் இரண்டு மணி, மாலை ஆறு மணி, இரவு பத்து மணி என நாளொன்றுக்கு நான்கு அமர்வுகள் நடைபெறுவதுண்டு. ஆலைத் தொழிலின் முறைமாற்று வேலையை இது ஒத்திருப்பது மனங்கொளத்தக்கது. காலையில் ஒரு பாடகருக்கு வாசித்தவர் மாலையில் வேறொருவருக்கு வாசிப்பார். அவர் கைபடாத புகழ்பெற்ற பாடல் இல்லை எனுமளவுக்கு உழைத்தும், தெருவில் அவரை அறிவார் எவருமிலர்.

3

றிங்கோ ஸ்டார் பீற்றில்ஸ் குழுவின் பறை வாத்தியக் கலைஞர். லிவர்பூல் துறைமுக நகரின் தொழிலாளர் குடியிருப்பிற் பிறந்து வளர்ந்த அவருக்குக் கன்ட்றி இசையில் இளமை முதலே ஈடுபாடு இருந்தது. 1965இல் அவர் பாடிய 'அக்ற் நாச்சுறலி' என்ற பாடல் அமெரிக்கக் கன்ட்றிப் பாடகரான பக் ஓவன்ஸ் முன்னர் பாடி வெளிவந்ததேயாகும். 1970இல் பீற்றில்ஸ் குழு கலைந்த போது றிங்கோவின் எதிர்காலம் பற்றிப் பலரும் ஐயுற்றனர். குழுவின் பாடல்களுள் மிகப் பெரும்பாலானவற்றை இயற்றியவர்கள் மற்றையோரே.

அவ்வாண்டில் ஜோர்ஜ் ஹரிசனின் இசைத்தட்டுக்கு வாசிக்கும் பொருட்டு நாஷ்வில்லிலிருந்து இலண்டனுக்கு வரவழைக்கப்பட்டவர் பீற் டிறேக். அவர் கையாண்ட வாத்தியம், மிதிகட்டைகள் பொருத்திய உருக்குக் கிற்றார். இலங்கை வானொலி வழியாக எமது மூத்தோர் கேட்டுப் பழகிய ஹவாயன் கிற்றாரின் வளர்ச்சி பெற்ற வடிவம் அது எனச் சொன்னால் வாசகர் விளங்கிக்கொள்வர். றிங்கோவின் ஈடுபாட்டை அறிந்த டிறேக், கன்ட்றி இசைத்தட்டொன்றை நாஷ்வில்லிலேயே பதிவு செய்யலாம் என்றார். அதற்கு மாதக்கணக்கிற் காலம் வேண்டும் என்று றிங்கோ தயங்கியதாகவும், சில நாள்களே போதும் என்று டிறேக் விடையிறுத்ததாகவும் கூறுவர். 1966இலும் 1969இலும் பொப் டிலன் அதே நகரின் அமர்வுக் கலைஞரைக் கொண்டு இசைத்தட்டுகள் பதிவு செய்திருந்தமை அவ்விடைக்கு முன்னுதாரணமாயிற்று.

டிறேக் கூறியவாறே நடந்தது. 1970 ஜூன் மாத இறுதியில் றிங்கோ நாஷ்வில் சென்றார். சில நாள்களுக்குள் ஒரு முழு இசைத்தட்டுக்கு வேண்டிய பன்னிரண்டு பாடல்களும் பதிவாகின. 'போக்கூஸ் ஒவ் புளூஸ்' என்னும் அத்தட்டு அவ்வாண்டு செப்ரெம்பரில் வெளிவந்தது. பாடல்களை நாஷ்வில்லின் பாடலாசிரியர்களிடமிருந்து டிறேக் திரட்டி வைத்திருந்தார். ஹார்மோனிக்கா வாசித்தவர் சார்லி மக்கோய். பறை வாத்தியத்துக்கு படி ஹார்மனும், எல்விஸ் பிறெஸ்லியுடன் முன்னர் வாசித்த டி. ஜே. ஃபொன்ரானாவும், கிற்றாருக்கு ஜெறி றீட், சார்லி டானியல்ஸ் முதலியோர், பின்னணிக் குரலுக்கு 'ஜோர்டனெயர்ஸ்' குழுவினர். ஒலிப்பதிவுப் பொறியியலாளராகப் பணிபுரிந்தவர் பிறெஸ்லியின் முன்னைக் கிற்றார்க் கலைஞரான ஸ்கொற்றி மூர். உலகறிந்த பறை வாத்தியக் கலைஞர் அங்கே பெரும்பாலும் பாடகராகவே நின்றார். பறையை உள்ளூர்க்காரர் வாசித்தனர்.

வணிக நோக்கில் அத்தட்டு பெருவெற்றி பெறவில்லை. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 65ஆம் இடத்தை எட்டியது. பிரித்தானியப் பட்டியலில் இடம்பெறவேயில்லை. காலப்போக்கில் விமரிசகரின் மதிப்பு உயர்ந்தது. தமக்கு வராத ஒன்றை வந்ததாகக் காட்டிக்கொள்ளாது, தேர்ந்தோரின் இசைக்குள் தமது எளிய குரலை அடக்கமாக வைத்தமையே அத்தட்டின் சிறப்பு என்பது எமது கருத்து. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், தமது எண்பத்து நான்காம் வயதில், 'லுக் அப்' எனும் மற்றுமொரு கன்ட்றித் தொகுப்பை அவர் வெளியிட்டமையும் இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது.

4

சில நாள்களிற் பன்னிரண்டு பாடல்கள் என்னும் விரைவு எங்ஙனம் இயன்றது? தனிமனிதத் திறமை என்று மட்டும் விடை கூறுதல் போதாது. அங்கே இரண்டு ஏற்பாடுகள் செயற்பட்டன.

முதலாவது, தொழில்நுட்ப ஏற்பாடு. நாஷ்வில் கலைஞர் மேனாட்டுச் சுரக்குறிப்பு ஏட்டை அதிகம் நாடுவதில்லை. 1950களின் பிற்பகுதியில் ஜோர்டனெயர்ஸ் குழுவைச் சேர்ந்த நீல் மத்தியூஸ் வகுத்த எண்முறையைச் சார்லி மக்கோய் முதலியோர் பரப்பினர். ஆதார சுருதி எதுவாயினும் அதன்மேல் எழும் ஏழு சுரங்களையும் 1 முதல் 7 வரை எண்ணி, ஒவ்வொரு சுரத்தின் மேலும் அமையும் சுரக்கூட்டை அவ்வெண்ணாற் குறிப்பர். 1, 4, 5 என்று எழுதப்பட்டால், எமது இசைப் பயிற்சியுடையோர் அவற்றை ச, ம, ப ஆகிய சுரங்களை அடியாகக் கொண்ட கூட்டுகள் என விளங்கிக்கொள்ளலாம். பாடகரின் குரலுக்கேற்பச் சுருதியை உயர்த்தினும் தாழ்த்தினும் எழுதிய எண்கள் மாறா. பாடலை ஒருமுறை கேட்டு, ஒரு துண்டுக் கடதாசியில் எண்களைக் குறித்துக்கொண்டு உடனே வாசிக்கத் தொடங்கிவிடுவர். எந்த இடத்தில் எவர் முன்வந்து வாசிப்பது, எவர் ஒதுங்குவது என்பன அங்கேயே பேசித் தீர்மானிக்கப்படும். அவ்வகையில் அவர்களை வெறுமனே கட்டளையை நிறைவேற்றுவோர் எனல் தகாது. இசையமைப்பிற் பாதி அவர்களுடையதே. சட்டத்தின் கண்ணிலோ அவர்கள் இசையமைப்பாளரல்லர்.

இரண்டாவது, தொழிற்சங்க ஏற்பாடு. நாஷ்வில் இசைஞர் அமெரிக்க இசைஞர் சம்மேளனத்தின் 257ஆம் கிளையில் அணிதிரண்டிருந்தனர். அமர்வொன்றுக்கான குறைந்தபட்சக் கூலி, மேலதிக நேரக் கூலி, அமர்வை நடத்திச் செல்லும் தலைமைக் கலைஞருக்கு இருமடங்கு கூலி ஆகியன ஒப்பந்தத்தால் வரையறுக்கப்பட்டிருந்தன. இவை எளிதில் வாய்த்தவையல்ல. 1942 ஓகஸ்ற் முதலாந் திகதி அச்சம்மேளனம் இசைத்தட்டுப் பதிவு வேலையை முற்றாக நிறுத்தியது. இசைத்தட்டும் வானொலியும் பரவியதால் மண்டபங்களில் நேரே வாசிக்கும் இசைஞர் வேலையிழக்கின்றனர் என்பதே போராட்டத்தின் காரணம். 1944 நவம்பரில் இறுதிப் பெருநிறுவனங்களும் இணங்கும் வரை போராட்டம் நீடித்தது. விற்பனையாகும் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு சிறு தொகை சங்கத்தின் நிதியத்தைச் சேரவேண்டும் என்ற கோரிக்கை வென்றது.

இங்கு ஆய்வாளர் கருத்திற் கொள்ளவேண்டிய ஓர் உண்மையுண்டு. சங்க விதிப்படி நடைபெறும் ஒவ்வோர் அமர்வுக்கும் கூலிப் பத்திரம் எழுதப்படும். எந்நாளில், எக்கூடத்தில், எவரெவர், எவ்வளவு நேரம் வாசித்தனர் என்பது அதிலே பதிவாகும். அமெரிக்க இசைத்தட்டு வரலாற்றை எழுதுவோருக்கு இப்பத்திரங்கள் முதன்மையான சான்றுகளாக அமைந்துள்ளன. அட்டையிற் பெயர் இடுவது நிறுவனத்தின் பெருந்தன்மையைப் பொறுத்தது. கூலிப் பத்திரத்திற் பெயர் எழுதுவதோ கட்டாயமானது. பெயரைக் காத்தது கூலிக்கான உரிமை என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வேற்பாட்டைக் குறையற்றதெனக் கொள்ளவும் கூடாது. கலைஞருக்குக் கிடைத்தது நேரக்கூலியே. தட்டு எத்தனை இலட்சம் விற்பினும் விற்பனைப் பங்கு பாடகரையும் நிறுவனத்தையும் பாடலின் உரிமை பெற்றவரையுமே சென்றடைந்தது.

5

ஹரிசனின் முயற்சி எமது துணைக்கண்டத்தோடு நேரடித் தொடர்புடையது. சிதார் மேதை ரவிசங்கரிடம் பயின்ற அவர், 1967இல் வெளிவந்த 'சார்ஜன்ற் பெப்பர்ஸ்' இசைத்தட்டில் இந்திய இசையைத் தழுவிய ஒரு பாடலை அமைத்தார். பீற்றில்ஸ் குழுவில் அவரைத் தவிர வேறெவரும் அப்பாடலிற் பங்குகொள்ளவில்லை. இலண்டனில் இயங்கிய ஆசிய இசை வட்டத்தைச் சேர்ந்த இந்தியக் கலைஞர் தில்ரூபா, தம்புரா, தபேலா ஆகியவற்றை வாசித்தனர். இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற இசைத்தட்டுகளுள் ஒன்றாகிய அதன் அட்டையில் உலகப் பிரபலங்கள் பலரின் உருவங்கள் இடம்பெற்றன. அவ்வட்டையில் அந்த இந்தியக் கலைஞரின் பெயர்கள் இடம்பெறவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017 அளவிலேதான் அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி ஆகிய பெயர்கள் பொதுவெளியில் அறியப்படலாயின.

1968 ஜனவரியில் ஹரிசன் பம்பாய்க்கு வந்து, 'வொண்டர்வோல்' என்ற திரைப்படத்துக்கான இசையின் ஒரு பகுதியை எச்.எம்.வி. ஒலிப்பதிவுக் கூடத்திற் பதிவு செய்தார். கூடத்தின் வசதிகள் மட்டானவை. இருதட ஒலிப்பதிவுப் பொறி கல்கத்தாவிலிருந்து தருவிக்கப்பட்டது. வெளியே செல்லும் வாகனங்களின் ஓசை உள்ளே கேட்டது. வாசித்தோரின் தகுதியோ மட்டானதன்று. சரோத் கலைஞர் ஆஷிஷ் கான், தபேலாக் கலைஞர் மகாபுருஷ் மிஸ்ரா, சந்தூர்க் கலைஞர் சிவகுமார் சர்மா முதலியோர் அங்கு வாசித்தனர். அதே நாள்களிற் பதிவாகிய மற்றொரு பாடலின் இசைக்குப் புல்லாங்குழல் வாசித்தவர் ஹரிபிரசாத் சௌராசியா. பின்னாளில் இந்துஸ்தானி இசையுலகின் முன்வரிசையில் நின்ற பெயர்கள் இவை. அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த இசைத்தட்டின் அட்டையிலே பம்பாய்க் கலைஞரின் பெயர்கள் எழுத்துப் பிழைகளோடேனும் இடம்பெற்றன.

1967க்கும் 1968க்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஓராண்டுக்குள் ஒரே இசைஞரின் பணியில், பெயரின்மையிலிருந்து பெயருடைமைக்கு ஒரு நகர்வு நிகழ்ந்துள்ளது. ஆயினும் அந்நகர்வு அமர்த்தியவரின் நன்மதிப்பைச் சார்ந்ததாகவே இருந்தது. நாஷ்வில்லிற் போன்று கலைஞரின் கூட்டு வலிமையாற் பெற்றுக்கொண்ட உரிமையாக அது அமையவில்லை. மனமுவந்து தரப்படுவதற்கும் உரிமையாகப் பெறப்படுவதற்கும் இடையிலான இவ்வேறுபாடே எமது ஆய்வின் மையமாகும்.

6

அமர்வுக் கலைஞர் கூலியாவது பெற்றனர். அவர்களுக்கும் கீழே, கூலியும் பெயரும் இன்றி நின்ற வேறொரு வகுப்பினர் உளர். அவர்களே பாடல்களின் மூல உடைமையாளராகிய நாட்டார்.

1927இல் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் றால்ஃப் பியர், டெனெசி, வேர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிறிஸ்ரல் நகரில் ஒலிப்பதிவுப் பொறியை நிறுவி, மலைப்புறப் பாடகரை வரவழைத்துப் பாடச் செய்தார். கன்ட்றி இசையின் வணிகப் பிறப்பு என்று வரலாற்றாசிரியர் சுட்டும் நிகழ்ச்சி அது. அங்கே அறிமுகமான கார்ட்டர் குடும்பத்தின் தலைவரான ஏ. பி. கார்ட்டர், தொடர்ந்து புதிய பாடல்கள் தேவைப்பட்டமையால் ஊரூராகச் சென்று பாடல் திரட்டினார். 1928 அளவில் அவருக்குத் துணையாயினார் லெஸ்லி றிடில் என்ற கறுப்பினக் கிற்றார்க் கலைஞர். கார்ட்டர் சொற்களை எழுத, றிடில் மெட்டுகளை நினைவிற் பதித்து வந்து பாடிக் காட்டுவார். அவ்வாறு திரட்டப்பட்ட பாடல்கள் பல கார்ட்டரின் பெயரிலே பதிப்புரிமை பெற்றன. பாடிக்கொடுத்த கிராமத்தவருக்கும், நினைவிற் சுமந்து வந்த றிடிலுக்கும் அவ்வுரிமையிற் பங்கு கிடைக்கவில்லை.

பலர் கூடி ஆக்கிய பாடல், எழுதியவர் பெயரில் அல்லது பதிவு செய்தவர் பெயரில் தனிச்சொத்தாக மாறும் முறைமையை இது தெளிவாகக் காட்டுகின்றது. ஆசிரியர் பெயர் அறியப்படாமை நாட்டார் பாடலின் இயல்பு என்று எமது பாடநூல்கள் கூறும். அவ்வியல்பே சந்தையில் அதன் பலவீனமாகின்றது. உரியவர் இன்னார் எனக் காட்ட முடியாத பொருளை முதலில் எடுத்தவரே தமதாக்கிக்கொள்வார்.

7

இனி எமது கரைக்கு வருவோம். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவி நான்கு அடிகளால் அமைவது. நெடிய இராகத்தில், பெரும்பாலும் வாத்தியமின்றிப் பாடப்படுவது. வேளாண்மைக் காவலில் இரவைக் கழித்தோரும், வெட்டுக் காலத்தில் வயலில் நின்றோரும், வீட்டில் பாய் இழைத்த பெண்களும் அதனைப் பாடினர். மச்சானை விளித்துப் பெண் பாடும் கவிகள் அவற்றுட் பெருந்தொகையானவை. தாய்மாரின் தாலாட்டு இன்னொரு வகை. அண்ணாவியார் ஒருவரின் பாடலுக்கும் சல்லாரித் தாளத்துக்கும் ஏற்ப ஆடவர் வட்டமாக நின்று அடிக்கும் பொல்லடி மற்றொரு வகை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் நடைபெறும் கொடியேற்ற விழாவின் போது பக்கீர்பாவாமார் றபான் கொட்டிப் பாடும் பாடல்கள் வேறொரு மரபைச் சார்ந்தவை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோரின் தேட்டத்தால் இக்கவிகளிற் பல அச்சேறின. மட்டக்களப்புப் பிரதேசத்தின் கவி வளம் பற்றி வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூலும் பேசுகின்றது.

இம்மரபின் பொருளாதார அடித்தளம் மாறிவிட்டது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய பின்னர் வெட்டுக்காரர் கூட்டமும் சூடு மிதிக்கும் களவெட்டியின் இரவுகளும் அருகின. பாய் இழைத்த கைகளுக்கு வேறு வேலைகள் வந்தன. தொழிலோடு பிணைந்த பாடல் தொழில் மாறும் போது நினைவாக மட்டும் எஞ்சுகின்றது. எனவே கவியைப் பதிவு செய்து வைத்தல் காலத்தின் தேவை என்பதில் ஐயமில்லை. புதிய வாத்தியங்களோடு அதனை இசைத்தலும் தவறன்று. 1970களில் ஈழத்துப் பொப் இசை, பைலாவையும் மேனாட்டுத் தாளத்தையும் கலந்து தனக்கென ஒரு வழி கண்டது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பாடல்கள் கடல் கடந்தும் ஒலித்தன. அப்பாடல்களைப் பாடியோரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவற்றுக்கு வாசித்த கலைஞருள் ஒருவரின் பெயரையேனும் எம்முட் சொல்லத்தக்கவர் எத்தனை பேர்? எமது தேட்டத்தின் குறை அங்கேயே தொடங்குகின்றது.

8

பதிவு செய்வோர் செய்யவேண்டியது யாது? நாஷ்வில்லின் பாடத்தை அவ்வாறே பெயர்த்து, 'கூலி கொடு, பெயரைப் போடு' என்று கூறிவிடலாமா? கல்முனைக் கரையின் சமூக நிலைமை அதற்கு எளிதில் இடந்தராது.

கவி பாடியோருட் பெரும்பாலோர் பெண்கள். காதலும் பிரிவும் பேசும் அக்கவிகளை அவர்கள் தம் தோழியர் நடுவிலும் வேலைக் களத்திலும் பாடினர். பெண் குரல் பொதுவெளியில் ஒலித்தல் பற்றியும், இசை பற்றியும், தர்கா மரபு பற்றியும் எமது சமூகத்தினுள் மாறுபட்ட மார்க்கக் கருத்துகள் நிலவுகின்றன. அக்கருத்துகளின் சரி பிழைகளை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. பேத்தியின் கேள்விக்காக மூத்தம்மா ஒருவர் பாடிக் காட்டிய கவி, அவரது பெயரும் ஊரும் குடும்பமும் தெரிய உலகெங்கும் ஒலிக்குமாயின், அதனால் அவருக்கு நேரக்கூடிய மனத்தாங்கலை ஆய்வாளர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். நாஷ்வில் கலைஞனுக்குப் பெயரின்மை இழப்பு. எமது மூதாட்டிக்குப் பெயரின்மை சிலவேளை பாதுகாப்பு. ஆகவே பெயரிடுதல் கடமை என்பதற்கு முன்னர், பெயரிடலாமா என்று கேட்டல் கடமையாகின்றது.

இதனைக் காரணங்காட்டி, பெயர் வேண்டாதவருக்கு வேறெதுவும் வேண்டியதில்லை என்று கொள்வோரும் உண்டாகலாம். அது பிழை. பெயர், கூலி, கட்டுப்பாடு ஆகிய மூன்றும் வெவ்வேறு உரிமைகள். ஒருவர் தம் பெயரை மறைக்குமாறு வேண்டிய பின்னரும் தமது குரலுக்கான ஊதியத்தைப் பெறலாம். எங்கே ஒலிக்கலாம், எங்கே ஒலிக்கலாகாது என்று வரையறுக்கலாம். அளித்த இசைவை மீளப்பெறவும் கேட்கலாம்.

இவ்விடயத்தில் எமது நாட்டுச் சட்டம் முற்றாக மௌனமாக இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இரு வழிகளில் இங்கு பொருந்துகின்றது. ஒன்று, நிகழ்த்துநர் உரிமை. ஒருவரின் நிகழ்த்துகையை அவரது இசைவின்றிப் பதிவு செய்தலையும் அப்பதிவைப் பிரதியாக்குதலையும் தடுக்கும் உரிமை நிகழ்த்துநருக்கு உண்டு. கவி பாடும் மூதாட்டியும் அவ்வகையில் நிகழ்த்துநரே என்பது எமது துணிபு. மற்றையது, நாட்டாரியல் வெளிப்பாடுகளுக்கான பாதுகாப்பு. வணிக நோக்கிலோ, மரபான சூழலுக்குப் புறம்பாகவோ அவற்றைப் பிரதியாக்குவதற்கும் மாற்றியமைப்பதற்கும் அனுமதி வேண்டும். எச்சமூகத்திலிருந்து, எவ்விடத்திலிருந்து பெறப்பட்டதென்பதும் சுட்டப்படல் வேண்டும். தனிநபரின் பெயர் கூறாது ஊரின் பெயரைக் கூறும் இவ்வழி எமது சூழலுக்கு மிகவும் ஏற்றது. பெண்ணின் பெயர் மறைந்திருக்க, கல்முனைக்குடி என்றோ, சாய்ந்தமருது என்றோ, அக்கரைப்பற்று என்றோ ஊரின் பெயர் நிற்கலாம்.

ஆயின் சட்டத்தின் எல்லையையும் உணர்தல் வேண்டும். நாட்டாரியல் வெளிப்பாடுகளுக்கான அனுமதியும் கட்டணமும் அரசு நியமிக்கும் அதிகாரத் தரப்பைச் சார்ந்தவை. அப்பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செலவிடப்படவேண்டும் என்றே சட்டம் கூறுகின்றது. பாடிய கையை அது நேரே சென்றடையும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் அதில் இல்லை. அமெரிக்க இசைஞர் சட்டத்தை மட்டும் நம்பியிருந்திருந்தால் 1944இல் அவர்கள் பெற்றதைப் பெற்றிரார்.

எனவே எமது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தம்மளவிற் செய்யத்தக்க ஒரு செயலை முன்மொழிந்து இக்கட்டுரையை நிறைவு செய்கிறோம். களப்பணிக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒலிப்பதிவோடு ஒரு பதிவுப் பத்திரத்தையும் எழுதி வருதல் வேண்டும். பாடியவர் யார், எவ்வூர், எந்நாள், யாரிடமிருந்து கற்றார், என்ன கொடுக்கப்பட்டது, பெயரை வெளியிடச் சம்மதமா, வணிகப் பயன்பாட்டுக்குச் சம்மதமா, அவருக்குப் பின் யாரைக் கேட்கவேண்டும் என்பன அதில் இடம்பெறல் வேண்டும். பெயர் வெளியிட விரும்பாதோரின் பத்திரத்தைச் சங்கம் மூடிய கோப்பிற் பேணலாம். நாஷ்வில்லின் கூலிப் பத்திரம் அக்கலைஞரின் வரலாற்றைக் காத்ததைப் போன்று, இப்பத்திரம் எமது கவியின் வரலாற்றைக் காக்கும். நாளை ஒரு றொக் இசைஞரோ திரைப்பட இசையமைப்பாளரோ இக்கரைக்கு வந்து கவியொன்றைக் கேட்பாராயின், அவரை வரவேற்பதில் எமக்குத் தடையில்லை. றிங்கோவைப் போன்று அடக்கத்தோடு வருபவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளவும் கூடும். அவர் முன் வைப்பதற்கு அப்பத்திரம் எம் கையில் இருத்தல் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.